குறைத்துக் கேட்கும் வண்டி

ஏறி உட்காருபவர்களின் எடையைப் பார்த்துத்தான் பறக்கும் வண்டி பெட்ரோல் கேட்கும். ரொசாரியும் மனைவி கிளாடிஸும் ஞாயிறுதோறும் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு கோயிலுக்கு அதில்தான் போவார்கள். கொஞ்ச நாளாக ரொசாரிக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா, வாராவாரம் கொறச்சுக் கேக்குது. நான் வண்டிய வச்சிருக்கிற பக்குவம் அப்படி.”

அவன் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குள் போனதும் கிளாடிஸ் தனியாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவள் ஒருத்திக்கு எப்போதும் கேட்கும் அளவையே வண்டி கேட்டது.

ரொசாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னைக்குக் கோயில் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

“ஏன், ஒனக்கு என்ன செய்யுது?”

அவள் அவனுடைய சீட் பெல்ட்டைப் பிடித்து இறுக்கினாள். இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது.