கோடி போன ஏரி

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினாள். ஏறும்போதே சத்தம் கேட்டது.

ஏரி கோடி போகிறது.

நிரம்பி வழிவதை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கரையின் கடைசியில், தண்ணீர் வழிந்து போகத் தாழ்வாகக் கட்டிய கல்வரிசைதான் கோடி. அதன்மேல் தண்ணீர் ஏறிக் குதித்துவிட்டால் போதும், ஊரே சோற்று மூட்டையோடு கிளம்பிவிடும்.

இன்றும் கிளம்பியிருந்தது.

அதற்குள் ஒரு பஜ்ஜிக் கடை முளைத்துவிட்டது. பாசியில் வழுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தவன், சிரித்து முடிப்பதற்குள் தானும் விழுந்தான். வேட்டியை விரித்து மீன் பிடிக்க நின்ற பெரியவருக்கு மீனைத் தவிர எல்லாம் கிடைத்தது.

ஊருக்குக் கொண்டாட்டம். அவளுக்கு இங்கே வந்து நிற்பதே குற்றமாகப் பட்டது.

வீட்டுக்காரர் டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அவர்தான் அனுப்பிவைத்தார். நேற்று அவராகவே இட்லி கேட்டுச் சாப்பிட்டார். டாக்டரும் சிரித்த முகமாகத்தான் பேசிவிட்டுப் போனார். மகன் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில் காலையில் தம்பி தேசிங்குவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“கல்லு முழுவுச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றார், கிளம்பும்போது.

கோடியின் ஓரத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று நிற்கிறது. ஏரியைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் வெட்டி வைத்தது. கல்லூரிப் பிள்ளைகளோடு வந்த வாத்தியார் ஒருவர் மாவு பூசிப் படித்துச் சொன்ன நாளிலிருந்து வீட்டுக்காரருக்கு அந்தக் கல்லின்மேல் தனிப் பிரியம்.

“பாவம், எவ்ளோ காலமா குனிஞ்சிக்கினே இருக்கறான் பாரு” என்பார்.

வறண்ட ஏரியில் முள்கன்று பிடுங்கிப் போடுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். காலெல்லாம் முள் கிழித்துத் திரும்புவார். கிறுக்கு என்று ஊர் சொன்னது. அவளும் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமான வருஷம் ஏரி கோடி போயிற்று. இருவரும் நனைந்துகொண்டே வீடு போனார்கள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

கரையில் உட்கார்ந்திருந்த தேசிங்குவின் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தவன் எழுந்து பூவரச மரத்தடிக்கு நடந்தான். அவன் பேச்சு எப்போதும் அவனுடைய சட்டைப்பைக்கே கேட்காது. இந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும்.

கத்தினான்.

“கேக்குதா? கோடி நானே எடுத்துக்கினு வரேன்னு சொல்லு!”

அவள் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

ஏரி கோடி போகும். அதை யாரும் எடுப்பதில்லை.

எடுப்பது இன்னொரு கோடி. புருஷன் செத்துப்போனால், கூடப்பிறந்தவன் பிறந்த வீட்டுச் சார்பில் எடுத்துவந்து பெண்டாட்டிக்குப் போர்த்துகிற புதுப்புடவை.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான்.

அய்யோ என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை பஜ்ஜி கேட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகைக்குள் அவளுடையது எங்கோ போய்விட்டது.

தேசிங்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

“போலாம்க்கா. மாமா உன்னத் தேடறாராம்.”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கண்ணை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான்.

கேட்டால் சொல்லிவிடுவான். அவன் சொல்லாதவரைக்கும் அவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

“இருடா. கல்லப் பாக்காம போனா கோச்சிக்குவாரு.”

தண்ணீரில் இறங்கினாள். குளிர்ந்தது. இடுப்புவரை வந்து இழுத்தது. தேசிங்கு கரையிலிருந்து அக்கா அக்கா என்று பதறினான்.

கல்லின் உச்சிமேலும் தண்ணீர் ஓடியது. எழுத்தெல்லாம் உள்ளே. கையை விட்டுத் தடவினாள். எது பாதம், எது தலை என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லா எழுத்தையும் தடவினாள்.

“முழுவிடுச்சுங்க” என்றாள்.

முந்தானை முடிச்சில் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்திருந்தாள். கோடித் தண்ணீரில் பாதியைத் தூவிவிட்டு மீதியைப் பூசிக்கொள்ள வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அதுதான் வழக்கம்.

அவள் முடிச்சை அவிழ்த்து உதறினாள். முழுவதும் போயிற்று. தண்ணீர் கொஞ்ச தூரம் சிவந்து, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது.

கரையேறியவளைத் தேசிங்கு கைகொடுத்துத் தூக்கினான். எதையாவது பேச வேண்டுமே என்று பேசினான்.

“பொடவ பூரா நனைஞ்சுபோச்சேக்கா.”

“நனையட்டும்” என்றாள். “நீதான் புதுசு எடுக்கப் போறியே.”

அவள் கத்திச் சொல்லவில்லை. அத்தனை சத்தத்திலும் அவனுக்குக் கேட்டது.