மூன்றாவது டின்

கொலாப் அத்தை அரிசி திருடுவதை நான் என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பால் டின்னால்தான் அளப்பாள். ஆளுக்கு ஒன்று, மொத்தம் மூன்று. மூன்றாவது டின்னைக் கொட்டும் முன்னால் திரும்பிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றது தெரியவில்லை. டின்னிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்புக்குப் பின்னால் இருந்த மண்பானைக்குள் போட்டு, துணியால் மூடினாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அரிசி களையப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்போடியாவில், மேகாங் ஆற்றோரம் ஒரு சின்ன ஊர் அது. மிசோரமிலிருந்து எங்கள் சபை என்னை அங்கே ஊழியத்துக்கு அனுப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலை. எனக்கு முன்னால் வந்திருந்த ரெம்பூயி அக்கா ரெண்டு வருஷம் முடித்து அடுத்த மாதம் ஊர் திரும்புகிறாள். எங்களுக்குச் சமைத்துப் போட்டு, எங்களோடேயே சாப்பிட, அந்த ஊர்ப் போதகர் ஏற்பாடு செய்த ஆள்தான் கொலாப் அத்தை. புருஷன் இல்லை. தன் குடிசையில் புத்தருக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க வருவாள்.

வேறு எதை எடுத்திருந்தாலும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது சும்மா வந்த அரிசியா?

எங்கள் ஊரில் உலை வைக்கும் முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். வாரா வாரம் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவார்கள். அதை விற்றுத்தான் எங்களை மாதிரிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், எங்கள் சாப்பாட்டுச் செலவும் அதில்தான். காய்ச்சலில் கிடந்தபோதும் என் அம்மா அந்தப் பிடியை மறந்ததில்லை. வந்த புதிதில் இதையெல்லாம் அத்தையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், ரெம்பூயி அக்காதான் கெமர் மொழியில் எடுத்துச் சொன்னாள். எல்லாம் தெரிந்தும் அதிலேயே கை வைக்கிறாளே!

ரெம்பூயி அக்காவிடம் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

"விடுடி சாவ்மி. ஒரு பிடி அரிசிதானே."

"எங்கம்மா போடுறதும் ஒரு பிடிதான்க்கா."



பத்து நாள் காவல் காத்தேன். காலை, மாலை, ஒரு வேளை தப்பவில்லை. இதில் நடிப்பு வேறு. எங்கள் தட்டில் குவித்துப் போடுவாள், தன் தட்டில் மட்டும் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள். கேட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்பாள். வீட்டுக்குப் போய்ப் பானைச் சோறு தின்பவளுக்கு நிறையாமல் என்ன செய்யும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை போதகர் வந்தார். ரெம்பூயி அக்கா என் தொடையைக் கிள்ளக் கிள்ள, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நிஜமென்றால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும், ஆனால் அவளுக்கு இதை விட்டால் வேறு வேலை கிடையாதே என்றார். எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை.

"கொலாப், அந்தப் பானையை எடுத்துட்டு வாம்மா."

அடுப்படியிலிருந்த அத்தை பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வெட்கம். சரியாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். துணியை எடுத்தார். கழுத்து வரை அரிசி.

யாருக்கு இது என்று போதகர் கேட்டார். அத்தை ரெம்பூயி அக்காவைப் பார்த்தாள்.

"இவ ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் குடுத்து விடலாம்னு மறைச்சு வெச்சிருந்தேன். அங்க அம்மாமாருங்க எல்லாம் வேளைக்கு ஒரு பிடி குறைச்சு ஆக்கித்தான் இவங்கள அனுப்பி வெச்சாங்களாம். படிக்கிறது எங்க பிள்ளைங்க, பசியோட எந்திரிக்கிறது அவங்களா? அதான், என்னால ஆனதைத் திருப்பிக் குடுக்கலாம்னு."

ஏதோ தப்பாகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

"மூணாவது டின்னுலதான் எடுத்தேன் சாமி. அது என் பங்கு."

கொடுத்துக் கொடுத்தே பழகிய எங்கள் ஊருக்கு முதல்முதலாக ஒருத்தி திருப்பித் தந்திருக்கிறாள், அதுவும் தன் வயிற்றைக் கட்டி. நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் திருடுகிறாள் என்று நான் சொன்னதைப் போதகர் அவளிடம் மறைக்காமல் சொன்னார்.

அத்தை கோபப்படவில்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உன் டின்னுலயும் ஒரு பிடி எடுப்போமான்னு பார்த்தேன். அப்புறம், அம்மா பழக்குன பிள்ளையாச்சே, நீயே எங்கயாவது தனியா எடுத்து வெச்சுட்டு வருவேன்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலையில் நான்தான் அரிசி அளந்தேன். என் டின்னிலிருந்து ஒரு பிடி எடுத்து அத்தையின் பானையில் போட்டேன்.

பிறந்ததிலிருந்து என் கையால் நான் எடுத்து வைத்த முதல் பிடி அதுதான்.