பதினான்கு நாள் ஊசி

"முதுகுத்தண்டுல எடுத்த நீர்ல கிருமி எதுவும் வளரல," என்றார் டாக்டர்.

அவன் அதை நல்ல செய்தி என்று நினைத்தான்.

டாக்டர் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. கட்டிலில் அவன் மகள் ரெனிட்டா கண்மூடிக் கிடந்தாள். ஐந்து வயது. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாளாகியும் கழுத்து விறைப்பு இளகவில்லை. புறங்கையில் குத்தியிருந்த ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"கிருமியோட வேலைதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா எந்தக் கிருமின்னு பிடிபடல. இங்க வர்றதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதும் குடுத்தீங்களா?"

"இல்ல சார்," என்றாள் அவன் மனைவி சகாயராணி. "இவியதான் டாக்டர்ட்ட கொண்டுபோய்க் காட்டுனாவ. சாதாரணக் காய்ச்சல்னு சொல்லி, காய்ச்சல் சிரப்புதான் குடுத்தாராம். ரெண்டு நாளும் நான்தான் ஊத்துனேன்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

காய்ச்சல் தொடங்கிய அன்று காலை, வேலைக்குப் போக இறால் கம்பெனி வேனில் ஏறும்போது அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று. அவன் தூக்கிக்கொண்டுதான் போனான். கிளினிக் வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அவன் லாரி உப்பு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும்.

பக்கத்து மருந்துக்கடையில், போன வருடம் காதுவலிக்கு எழுதிக்கொடுத்த சிரப்பின் பெயரைச் சொல்லி வாங்கினான்.

டாக்டர் கொடுத்தார் என்று மனைவியிடம் போனில் சொன்னான்.

அதை நம்பித்தான் அவள் இரண்டு நாள் பொறுத்திருந்தாள்.

"சார்," என்றான். "டாக்டர்ட்ட காட்டல."

மருந்தின் பெயரைச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இது ஆன்டிபயாடிக்தான். முதல் நாளே இதச் சொல்லிருக்கணும். அரைகுறையா மருந்து உள்ள போனா இப்படித்தான், கிருமி முகத்த மறைச்சுக்கும். சரி, இப்ப போடுற ரெண்டு மருந்தையும் நிறுத்தாமப் போடுவோம். மொத்தம் பதினாலு நாள்."

சகாயராணி அழவில்லை. ஏசவும் இல்லை. தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டில் அவன் பங்கை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

ஏழாம் நாள் ரெனிட்டா கண் திறந்தாள்.

ஒன்பதாம் நாள் பன்னைப் பாலில் தொட்டுத் தின்றாள். அவனைப் பார்த்து, "யப்பா," என்றாள். அவன் வராந்தாவுக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதான்.

அவள் கத்திக் கத்திப் பேசுகிறாள் என்பதை முதலில் கவனித்தது நர்ஸ்தான்.

"மெதுவா, பாப்பா."

பாப்பா திரும்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ரெண்டு காதுமே கேட்கவில்லை என்றார். ஆபரேஷன் செய்து காதுக்குள்ளே கேட்கும் கருவி வைக்கலாம், அதற்குச் சீக்கிரம் போகவேண்டும், சென்னைக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

"மருந்து கேட்டுச்சே சார்," என்றான் அவன்.

"உயிரக் காப்பாத்திருச்சு. அதுக்குள்ள கிருமி அழிச்சத மருந்தால திருப்பித் தர முடியாது."

"முதல் நாளே கொண்டுவந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அத யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுப்பா."

பழி அவன்மேல் விழாமலிருக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவனுக்குத் தெரிந்தது.

பதினான்காம் நாள் கடைசி ஊசி போட்டார்கள். நர்ஸ் புறங்கையிலிருந்த குழாயை உருவிப் பஞ்சு வைத்து ஒட்டினாள். ரெனிட்டா முகம் சுளிக்கவில்லை. வார்டைச் சுற்றிப் பார்த்தாள். நர்ஸின் வாய் அசைந்தது. பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் வாயசைத்துச் சிரித்தார்கள்.

"யப்பா," என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "ஏன் எல்லாரும் ரகசியமாவே பேசுறீங்க? எனக்கும் சொல்லுங்க."

சகாயராணி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பதினொரு நாளுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். எழுதிக் காட்டலாம் என்றால் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகவில்லை.

வாயைத் திறந்தான்.

ரெனிட்டா இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். காதை அவன் வாயோடு ஒட்டிவைத்து, சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.