லாசரஸ் அங்கிளின் கட்டில்

எழுபத்தெட்டாம் ஆண்டு அது. என் தம்பி எட்மண்ட் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு ஏழாவது மாடி. ஜன்னல் வழியாக இறங்கி மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று அவன் காலைத் தூக்கியதும், டாக்சி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிவந்தேன்.

மனநல வார்டில் கட்டில் இல்லை என்றார்கள். ஆனால் கோடியில் ஒன்று காலியாகத்தான் இருந்தது.

“அது லாசரஸ் அங்கிளோடது,” என்றார் மிஸ்ஸி. தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“இந்த வார்டுலயே பல வருஷம் கிடந்தவர்தானே? அவரைப் போன மாசம் எங்க கோயில்காரங்க சேர்ந்து அடக்கம் பண்ணிட்டோமே மிஸ்ஸி. நானும் ஒரு பிடி மண் போட்டேனே.”

“தெரியும் லா. மறுநாளே திரும்பி வந்துட்டார். வீட்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போனாத்தான் விடுவோம்னு நாங்கதானே சொல்லி வச்சோம். இப்ப சாப்பாட்டுல உப்பு இல்லைங்கிறார், எழுந்திரிக்க மட்டும் மாட்டேங்கிறார்.”

“அவருக்குத்தான் யாருமே இல்லையே.”

“அதான் சொல்றேன்.”

எட்மண்ட் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். நான் அந்தக் கட்டிலருகே போய், “அங்கிள், நம்ம வீட்டுக்குப் போகலாம், வாங்க,” என்றேன். மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல மேலெழுந்தது. மிஸ்ஸி உடனே விரிப்பை மாற்றினார். எட்மண்ட் படுத்ததும் தூங்கிப்போனான்.

திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். என் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு, எட்மண்டின் கட்டிலைத் தட்டிப்போடப் போனார்.