சுகுணா அக்காவின் ஐந்து வார்த்தைகள்

"ஒத்தைக் கால்ல நில்லு. கண்ணை மூடு" என்றார் சுகுணா அக்கா.

நின்றேன். தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு போகிறவர்கள்கூட அப்படி அசையாமல் நின்றிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் குத்துச்சண்டை மாநிலத் தேர்வு. இந்த வருஷம் விட்டால் ஜூனியரில் எனக்கு வயது தாண்டிவிடும். பயிற்சியில் தாடையில் குத்து வாங்கி நான் மல்லாந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, பிசியோ சுகுணா அக்கா சரி என்று சொல்லாமல் ரிங் பக்கமே விடமாட்டேன் என்கிறார் கோச்.

போன வாரம் இதே கிளினிக்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார் அக்கா. எனக்கு இரண்டுதான் வந்தது.

இந்த முறை விடுவேனா? அன்றைக்கும் இன்றைக்கும் துணைக்கு வந்த தோழி மலர்விழியிடம் ஐந்தையும் கேட்டு வாங்கி, பொம்மிடியில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே மனப்பாடம். கேள்வி முன்னாடியே தெரிந்தும் பெயிலாக நான் என்ன முட்டாளா?

மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். டிசம்பரிலிருந்து கடகடவென்று இறங்கினேன்.

"சரி, இப்ப அந்த அஞ்சு வார்த்தையச் சொல்லு."

இதற்குத்தானே காத்திருந்தேன்.

"புளி, ஏணி, ரயில், குடம், மஞ்சள்."

அக்கா பாராட்டவில்லை.

"இது போன வாரத்துது ஜெனிஷா. இன்னிக்குச் சொன்னதைக் கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கு நீங்க எதுவுமே சொல்லலீங்களே அக்கா?"

பெஞ்சில் இருந்த மலர்விழி எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள்.

"வந்து உக்காந்ததுமே சொன்னாங்கடி. நீயுந்தான் ஒண்ணொண்ணா திருப்பிச் சொன்ன."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். பொய் சொன்னால் மலர்விழிக்கு உடனே சிரிப்பு வந்துவிடும். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அடி வாங்கி விழுந்தபோதுகூட நான் பயப்படவில்லை. இப்போது பயந்தேன்.

போனை எடுத்து, சேலத்துக்கு நான் வரவில்லை என்று கோச்சிடம் நானே சொன்னேன். ஜூனியர் போனால் போகட்டும், சீனியர் என்று ஒன்று இருக்கிறது.

நாற்காலியை அக்காவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த அஞ்சையும் இன்னொருக்காச் சொல்லுங்க அக்கா."