இரண்டாமவர் கட்டம்

நவம்பர் 18, காலை 8.10. இன்று ஒரு சிறு தவறு. பதிவுத் தாளில் இரண்டாமவர் கட்டத்திலும் என் முத்திரையையே குத்திவிட்டேன். இரட்டைக் கோடு போட்டு அடித்தேன்.

நாட்குறிப்பை மூடிவிட்டு சிஹாரு திரையைப் பார்த்தாள். எண் அசையவில்லை.

ஒருவர் எண்ணை நோக்கி விரல் நீட்டி உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு முத்திரை இல்லாத அளவு செல்லாது.

அந்த மற்றவரைப் போன மாதம் தோக்கியோவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கலம். நகத்தளவு உடல், ஒளியில் ஓடும் மைதானத்தளவு பாய். அங்கே போய்ச் சேரும்போது பாய் அங்குள்ள விண்மீனைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அதன் ஒளி எதிர்த்துத் தள்ளி வேகத்தைக் குறைக்கும். திரும்பியதா இல்லையா என்பது நான்கு ஆண்டுக்கு முன்பே முடிந்துபோனது. சேதிதான் இன்று வரவேண்டும்.

திரையில் இருக்கும் எண் கலத்திலிருந்து வரும் அலையின் அதிர்வெண்; வேகம் குறைந்தால் அது ஏறும். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏறாவிட்டால், சேதி கேட்கும் இந்த மலை நிலையத்தை மூடிவிடுவார்கள்.

மாலை நான்கு இருபதுக்குக் கடைசி இலக்கம் ஒன்று கூடியது. பிறகு இன்னொன்று.

சிஹாரு எழுந்து நின்று, விரல் நீட்டி, உரக்கப் படித்தாள். பதில் சொல்ல யாரும் இல்லை. தன் கண்ணை மட்டும் நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

வெளியே ஓடினாள். அந்த மலையில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள், மஞ்சள் தலைக்கவசம் போட்ட நெமோத்தோ. காலையிலிருந்து அலைவாங்கியின் கால்களை நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“எனக்கு நட்டு போல்ட்டுதாம்மா தெரியும். நட்சத்திரத்தப் பத்தி என்னப் போய்க் கேக்குறியே.”

“எண்ணப் படிச்சாப் போதும் சார். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க.”

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு திரை முன் வந்து நின்றார். தடித்த விரலை நீட்டி ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். சாரத்தின் மேல் நின்று கத்துவதுபோல் “சரி” என்றார்.

சட்டைப்பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, இரண்டாமவர் கட்டத்துக்குள் நேராக அழுத்தினார். 4.41.

வெளியே போய் யாரையோ போனில் கூப்பிட்டார். கதவு திறந்தே கிடந்தது.

“நாளைக்கு கிரேன் வேணாம். பிரிக்கிற வேலை இல்ல, பசங்கள வர வேணாம்னு சொல்லிடு. எவன் நிறுத்துனானா? நான்தான்டா.”

அவர் வண்டி வளைவில் மறையும்வரை, வாசலில் நின்று நன்றியோடு குனிந்த தலையை சிஹாரு நிமிர்த்தவில்லை. பிறகு உள்ளே வந்து எழுதினாள்.

நாளை காலை எட்டு மணிக்கு அடுத்த அளவு. உடன் படிக்க ஓர் ஆள் பார்க்க வேண்டும்.