நாற்காலிக்கு விற்பது

உலகத்தில் எந்தத் தொழிலதிபரும் காலி நாற்காலியிடம் பேசி உருப்பட்டதில்லை என்று இசக்கிராஜா அறிவித்தான். மாவட்டத் தொழில் மையத்தின் பயிற்சி வகுப்பில் அன்று கடைசி நாள். முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தங்கள் சரக்கை விற்றுக் காட்ட வேண்டும். தேறினால்தான் மானியக் கடனுக்குச் சிபாரிசு. சிபாரிசு கிடைத்தால்தான் அவனுக்கு வாழைநார் பிரிக்கும் இயந்திரம்.

மீன் ஊறுகாய் போடும் செலின் அக்கா எழுந்து போய், "வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல தண்ணி குடிங்க" என்று நாற்காலியிடம் செம்பை நீட்டினாள்.

"பாத்துக்கா, பொரையேறிரப் போவுது" என்றான் இசக்கிராஜா. வகுப்பே சிரித்தது.

அவள் திரும்பவேயில்லை. "முள்ளு கெடக்குமோன்னு யோசிக்கியளோ? தின்னு பாருங்க" என்று நாற்காலியிடமே கேட்டு, பாட்டிலைத் திறந்தாள். தேர்வு பார்க்க வந்திருந்த அதிகாரியம்மாவுக்கு வாயூறிவிட்டது. செலின் அக்கா தேறிவிட்டாள்.

அடுத்து இசக்கிராஜா. வாழைநார்ச் செருப்பு மண்ணில் மக்கும், காலைக் குளிர்விக்கும், ஏற்றுமதிக்கும் ஏற்றது என்று மனப்பாடமாக முழங்கினான்.

"யார்ட்ட சொல்றீங்க தம்பி, சுவத்துக்கிட்டயா?" என்றார் அதிகாரியம்மா.

அவன் கையிலிருந்த செருப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னாலிருந்து செலின் அக்கா பதறினாள். "ஏ தம்பி, நாற்காலில இருக்கவிய எந்திரிக்கப் போறாவ. சட்டுனு பேசு!"

யாரும் சிரிக்கவில்லை. இசக்கிராஜா மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். செருப்பு இரண்டையும் கையால் துடைத்து, நாற்காலியின் முன்னங்கால்களில் ஒவ்வொன்றாகச் செருகினான்.

"கடிக்குதாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அண்ணாந்து பார்த்தான்.